சர்வருக்குக் காவல் யார்?

வெள்ளிமலை மக்களின் சோற்றோடு சேர்ந்த விஷயம்!

"சர்வர் வேலை செய்யவில்லை. நாளைக்கு வாருங்கள்!"

ரேஷன் கடை, பாங்கி, தாலுகா ஆபீஸ், இ-சேவை மையம்... எங்கே போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது.

பட்டணத்துக்காரருக்கு இது ஒரு சிறு தொல்லை. அடுத்த தெருவில் இருந்து வந்தவர் திரும்பிப் போவார். மறுநாள் வந்து சாமான் வாங்கிக்கொள்வார்.

மலையில் இருப்பவருக்கு?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் அது ஒரு பகுதி. கல்வராயன்மலை தாலுகாவுக்குத் தலைமை ஊர் வெள்ளிமலை. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் "மலையாளி" என்னும் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. மலையில் வாழ்பவர்கள் என்பதால் இவர்களுக்கு இந்தப் பெயர்.

சிற்றூர்கள் மலை முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மூதாட்டி அரிசிப் பையோடு மலைப் பாதையில் நடந்து கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சர்வர் இல்லை, பாட்டி" என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்? அன்றைய கூலி போயிற்று. அன்றைய உலைக்கு அரிசியும் இல்லை.

ஆகவே சர்வர் என்பது கம்ப்யூட்டர் படித்தவர்கள் மட்டும் பேச வேண்டிய விஷயம் அல்ல. அது ஏன் படுக்கிறது? படுத்தால் யாருக்குத் தெரியும்? யார் எழுப்புகிறார்கள்? அரிசி வாங்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்வர் சுந்தரம்

1964-ம் ஆண்டு "சர்வர் சுந்தரம்" என்ற படம் வந்தது. நாகேஷ் ஓட்டல் சர்வராக நடித்தார். கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பவர் சர்வர்.

கம்ப்யூட்டர் சர்வரும் அப்படித்தான். அது எங்கோ ஒரு கட்டிடத்தில், குளிர்ந்த அறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர். ஊரில் இருக்கும் சிறிய மெஷின், "இந்தக் கார்டுக்கு எத்தனை கிலோ?" என்று கேட்கும். சர்வர் கணக்கைப் பார்த்துப் பதில் சொல்லும்.

ஓட்டலில் ஒரே சமயத்தில் நூறு மேஜையில் இருந்து கூப்பிட்டால் சர்வர் என்ன செய்வார்? திணறுவார். கம்ப்யூட்டர் சர்வரும் திணறும். கூட்டம் அதிகமானால் பதில் தாமதமாகும். இன்னும் அதிகமானால் ஒரேயடியாகப் படுத்துவிடும்.

விரல் போகும் தூரம்

தமிழ்நாட்டில் 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல் ரேஷன் கார்டுகள் இருக்கின்றன. கடைகள் 34 ஆயிரத்துக்கு மேல். 2017-ல் பழைய காகித அட்டைக்குப் பதில் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது.

மலைக்கடையில் ஒருவர் மெஷினில் விரலை வைக்கிறார். பிறகு என்ன நடக்கிறது?

மெஷின் அந்த ரேகையைச் செல்போன் கோபுரத்துக்கு அனுப்புகிறது. கோபுரத்தில் இருந்து அது மாநில அரசின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து ஆதார் சர்வருக்குப் போகிறது. ஆதார் ஆணையத்தின் கம்ப்யூட்டர் நிலையங்கள் பெங்களூரிலும், டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரிலும் இருக்கின்றன. "ஆள் சரி" என்ற பதில் அதே வழியில் மலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் அரிசி!

இது ஒரு சங்கிலி. மெஷின் ஒரு கண்ணி. கோபுரம் ஒரு கண்ணி. மாநில சர்வர் ஒன்று. ஆதார் சர்வர் ஒன்று. எந்தக் கண்ணி அறுந்தாலும் கடையில் சொல்வது ஒரே வார்த்தை: "சர்வர் இல்லை."

உண்மையில் சர்வர் நன்றாகவே இருக்கலாம். மலையில் கோபுரம் படுத்திருக்கலாம். கோபுரத்துக்குக் கரண்ட் போயிருக்கலாம். எது பழுது என்று தெரியாமல் எதைச் சரி செய்வது?

காவல்கார சாப்ட்வேர்

இதற்காகவே ஒரு வகை சாப்ட்வேர் உண்டு. கண்காணிப்பு சாப்ட்வேர் என்று அதற்குப் பெயர். அதை இராக் காவல்காரர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சர்வருக்குள் ஒரு சிறிய புரோகிராமை வைப்பார்கள். அது கால் நிமிடத்துக்கு ஒருமுறையோ, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறையோ நாடி பிடித்துப் பார்க்கும். சர்வருக்கு வேலைப் பளு எவ்வளவு? நினைவகத்தில் இடம் இருக்கிறதா? தகவல் சேமிக்கும் டிஸ்க் நிரம்பிவிட்டதா? கேள்விக்குப் பதில் சொல்ல எத்தனை விநாடி ஆகிறது? இவற்றை எல்லாம் அளந்து தலைமை நிலையத்துக்கு அனுப்பும்.

அளவு மீறினால் மணி அடிக்கும். பொறுப்பாளரின் போனுக்குச் செய்தி போகும்.

ஓர் எளிய உதாரணம். சர்வர் தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். அந்தக் குறிப்பு வளர்ந்து வளர்ந்து டிஸ்க் முழுவதையும் நிரப்பிவிட்டால் சர்வர் நின்றுவிடும். பெரிய பெரிய நிறுவனங்களில்கூட நடக்கும் விபத்து இது. காவல்கார சாப்ட்வேர் இருந்தால், டிஸ்க் முக்கால் பங்கு நிரம்பும்போதே எச்சரிக்கும். பழைய குறிப்பை நீக்கிவிடலாம். ஒரு கடையும் மூட வேண்டியது இல்லை.

விலை அதிகமோ?

காவல் வைக்க நிறையப் பணம் வேண்டுமோ என்று கேட்கலாம். வேண்டாம்!

"நாகியோஸ்" என்ற சாப்ட்வேர் 1999-ல் வெளிவந்தது. "ஜாபிக்ஸ்" லாத்வியா நாட்டில் பிறந்தது. "பிரமிதியஸ்" 2012-ல் ஒரு பாட்டுக் கம்பெனியின் என்ஜினீயர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்கு எழுதியது. இந்த மூன்றையும் யாரும் இலவசமாக எடுத்து உபயோகிக்கலாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்தும் பார்க்கலாம்.

தமிழ்நாடும் இந்தத் தொழிலுக்குப் புதிது அல்ல. இன்று "ஜோஹோ" என்று பெயர் பெற்ற கம்பெனி 1996-ல் தொடங்கியபோது அதன் தொழிலே கம்ப்யூட்டர் வலைகளைக் கண்காணிக்கும் சாப்ட்வேர்தான். இப்போது அதன் கண்காணிப்பு சாப்ட்வேர் பல நாடுகளில் விற்பனையாகிறது. தென்காசிக்குப் பக்கத்துக் கிராமமான மத்தளம்பாறையிலும் அதற்கு ஆபீஸ் உண்டு.

காவல்காரன் நம் ஊரிலேயே கிடைக்கிறான். கருவிக்குப் பஞ்சம் இல்லை. அதை எங்கே நிறுத்துவது, அது கத்தினால் யார் ஓடி வருவது என்பதே கேள்வி.

பெட்டிக்குள் பெட்டி

இப்போது ஒரு புதிய சிக்கலைப் பார்க்கலாம்.

சேலம்-உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே அளவுப் பெட்டி. உள்ளே துணி இருக்கலாம், மோட்டார் உதிரிபாகம் இருக்கலாம். லாரியும் கப்பலும் கிரேனும் அதைப் பற்றிக் கவலைப்படுவது இல்லை. பெட்டியை அப்படியே தூக்கி வைக்கலாம். 1956-ல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். அதில் இருந்து உலக வியாபாரமே மாறிவிட்டது.

கம்ப்யூட்டர்காரர்களும் இந்த யோசனையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே பெட்டியில் கட்டிவிடுவது. எந்தச் சர்வரில் இறக்கினாலும் ஓடும். இதற்கும் "கன்டெய்னர்" என்றே பெயர் வைத்தார்கள். 2013-ல் "டாக்கர்" என்ற சாப்ட்வேர் வந்த பிறகு இது உலகம் முழுவதும் பரவியது.

லாபம் என்ன? கூட்டம் வந்தால் ஒரே மாதிரியான பத்துப் பெட்டிகளை நொடியில் இறக்கலாம். கூட்டம் குறைந்தால் எடுத்துவிடலாம்.

சிக்கல் என்ன? வீட்டு வாசலில் நிற்கும் காவல்காரருக்கு வீடு நிற்பது தெரியும். உள்ளே எந்த அறையில் தீப்பிடித்தது என்று தெரியாது. சர்வர் நன்றாக இருக்கும். அதன் உள்ளே ரேஷன் கணக்குப் பெட்டி மட்டும் செத்துப்போயிருக்கும்.

இன்னொன்று. பெட்டிகளுக்கு ஆயுள் குறைவு. ஒன்று சாகும், அதன் இடத்தில் இன்னொன்று உடனே பிறக்கும். செத்த பெட்டியை நீக்கும்போது அதன் நாட்குறிப்பும் அதோடு போய்விடும். ஏன் செத்தது என்பதற்குச் சாட்சி இராது.

ஆகவே பெட்டிகள் உள்ள இடத்தில் காவல் வைக்கும்போது மூன்று விதிகளை மறக்கக் கூடாது.

முதலாவது: வீட்டை மட்டும் அல்ல, ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். புதிதாகப் பிறக்கும் பெட்டியும் தானாகக் கணக்கில் சேர வேண்டும்.

இரண்டாவது: நாட்குறிப்பைப் பெட்டிக்கு வெளியே, வேறு இடத்தில் சேமிக்க வேண்டும்.

மூன்றாவது: காவல்கார சாப்ட்வேரையே ஒரு பெட்டிக்குள் வைத்து ஓட்டுவது உண்டு. அப்போது அதற்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும். அவசரத்தில் வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் திருடன் நுழைந்தால் வீடே அவன் கையில்!

காவல்காரரே விழுந்தால்?

காவல் வைத்துவிட்டால் கவலை இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. சமீப ஆண்டுகளில் உலகம் மூன்று பாடங்களைப் படித்திருக்கிறது.

2021 அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் நின்றன. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு தவறான உத்தரவு காரணம். அத்தகைய உத்தரவைத் தடுக்க வேண்டிய சோதனை சாப்ட்வேரிலும் பிழை இருந்தது. பழுது பார்க்கும் கருவிகளும் அதே வலையில் இருந்ததால் அவையும் சேர்ந்து படுத்தன. என்ஜினீயர்கள் நேரிலே போய்ச் சரி செய்ய வேண்டியதாயிற்று. பாடம்: காவல்காரர் தாம் காக்கும் வீட்டுக்குள்ளேயே படுத்து உறங்கக் கூடாது.

2024 ஜூலை 19-ந் தேதி உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. "கிரவுட்ஸ்டிரைக்" என்ற கம்பெனியின் பாதுகாப்புக் கண்காணிப்பு சாப்ட்வேருக்கு அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பு காரணம். வீட்டைக் காக்க வந்தவரே கதவை உள்ளே தாழிட்டுவிட்டார்! இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பாடம்: புதுச் சரக்கை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இறக்கக் கூடாது. முதலில் சில கம்ப்யூட்டர்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

2025 ஏப்ரல் 12-ந் தேதி செல்போனில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை பல மணி நேரம் தடுமாறியது. காரணம் என்ன தெரியுமா? "பணம் போய்ச் சேர்ந்ததா?" என்று விசாரிக்கும் கேள்விகளைச் சில வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் ஓயாமல் அனுப்பியதுதான். விசாரிப்பே சுமையாகிவிட்டது. முதல் விசாரிப்புக்கு முன்பு 90 விநாடி பொறுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது என்று பிறகு கட்டுப்பாடு வந்தது. பாடம்: நோயாளியை நிமிடத்துக்கு நூறு முறை எழுப்பி "தூக்கம் வருகிறதா?" என்று கேட்கக் கூடாது.

99 சதவீதக் கணக்கு

இனி வெள்ளிமலைக்கு வருவோம்.

சர்வர் நடத்துபவர்கள் மாதக் கணக்கு எழுதுவார்கள். "இந்த மாதம் 99 சதவீதம் சர்வர் ஓடியது" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பரீட்சையில் 99 மார்க் எடுத்த பிள்ளையைப் பாராட்ட மாட்டோமா?

கொஞ்சம் பொறுங்கள். பென்சிலை எடுங்கள்.

30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம். அதில் ஒரு நாள் பகலில் 7 மணி நேரம் மட்டும் சர்வர் படுத்தது. மீதி 713 மணி நேரம் ஓடியது. கணக்குப் போட்டால் 99 சதவீதம் வருகிறது. இராத்திரி எல்லோரும் தூங்கும்போது ஓடிய நேரமும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது!

தமிழ்நாட்டில் பகுதிநேர ரேஷன் கடைகள் உண்டு. குறிப்பிட்ட நாட்களில்தான் அவை திறக்கும். ஒரு சிற்றூருக்குக் கடை திறந்த நாளும், அந்த 7 மணி நேரமும் ஒன்றாக வந்துவிட்டால்? சென்னையில் சர்வருக்கு 99 மார்க். மலையில் அந்த ஊருக்கு அன்றைக்குப் பூஜ்யம்!

சர்வர் படுக்காமல், மலைக் கோபுரம் மட்டும் படுத்தால் இன்னும் மோசம். அப்போது சர்வர் கணக்கில் முழுசாக 100 மார்க். திரையில் எல்லாம் பச்சை விளக்கு. மலையில் மட்டும் பை காலி.

விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது பாதிக் காவல். மலைக்கடையில் விரல் வைத்தவருக்கு அரிசி கிடைத்ததா என்று பார்ப்பதே முழுக் காவல்.

மலைக்கு ஏன் முதலிடம்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. அதற்குப் பிறகுதான் நாட்டின் பார்வை கல்வராயன் மலை மீதும் திரும்பியது. மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி சென்னை ஐகோர்ட்டு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, படிப்பு, வைத்தியம் எல்லாம் கோர்ட்டில் பேசப்பட்டன.

அந்தப் பட்டியலில் செல்போன் சிக்னலையும் சேர்க்க வேண்டிய காலம் இது. காரணம், இன்று சர்க்கார் கொடுக்கும் உதவி எல்லாம் சிக்னல் வழியாகவே வருகிறது. அரிசி, முதியோர் பென்ஷன், ஊரக வேலைத் திட்டத்தின் கூலி, சாதிச் சான்றிதழ்... எல்லாவற்றுக்கும் எங்கோ ஒரு சர்வர் தலையை ஆட்ட வேண்டும்.

2022 ஜூலையில் மத்திய மந்திரிசபை, சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4-ஜி வசதி கொடுக்க 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் திட்டமும் வகுக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 12-ந் தேதி முதியோர், மாற்றுத் திறனாளிகள் வீட்டு வாசலுக்கே ரேஷன் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல யோசனை! ஆனால் வண்டியில் அரிசியோடு மெஷினும் போகிறது. மெஷினுக்கு சிக்னல் வேண்டும். அரிசி வாசலுக்கு வந்தும் அளக்க முடியாமல் நின்றால் என்ன பயன்?

செய்ய வேண்டியது என்ன?

பெரிய செலவு தேவை இல்லை. நான்கு காரியங்கள் போதும்.

ஒன்று: காவலை மலையில் வையுங்கள். வெள்ளிமலை போன்ற இடங்களில் ஒரு சிறு கருவி. அது கடை நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒருமுறை, ரேஷன் மெஷின் கேட்பதைப் போலவே கேள்வி கேட்டுப் பார்க்கட்டும். பதில் வராவிட்டால் எந்தக் கண்ணி அறுந்தது என்று சொல்லட்டும். எந்தக் கடையில் எத்தனை பேர் விரல் வைத்துத் திரும்பினார்கள் என்ற கணக்கும் கடைவாரியாக வேண்டும். மாநிலம் முழுவதுக்கும் ஒரே சராசரி போட்டால் மலை அதில் மறைந்துவிடும்.

இரண்டு: மணி அடித்தால் ஓடி வர ஓர் ஆள் வேண்டும். பெயர் சொல்லி நியமிக்கப்பட்ட ஆள். அவர் அரை மணி நேரத்தில் அசையாவிட்டால் மேலதிகாரியின் போனில் மணி அடிக்க வேண்டும். தேவையில்லாத மணிகளைக் குறைக்க வேண்டும். நாள் முழுவதும் மணி அடித்தால் கோயில் யானைகூடத் திரும்பிப் பார்க்காது!

மூன்று: கடைப் பலகையில் எழுதுங்கள். "இன்று காலை 10 மணி முதல் சிக்னல் இல்லை. புகார் செய்தாயிற்று." இந்த இரண்டு வரி இருந்தால் கடைக்காரருக்கும் மக்களுக்கும் சண்டை வராது. பழி அவர் தலையில் விழாது. அவர் பாவம், என்ன செய்வார்?

நான்கு: காகிதத்தைத் தூக்கி எறியாதீர்கள். சிக்னல் இல்லாததாலோ, ரேகை பொருந்தாததாலோ எவருக்கும் தானியம் மறுக்கக் கூடாது, தனி நோட்டில் எழுதிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அந்த நோட்டு ஒவ்வொரு மலைக்கடையிலும் மேஜை மேல் இருக்க வேண்டும். அதில் எத்தனை பெயர் ஏறுகிறது என்பதையும் காவல் கணக்கில் சேர்க்கலாம். நோட்டு நிரம்பினால், சங்கிலியில் பழுது என்று அர்த்தம்.

விமானத்தில் போகிறவருக்கு 2024-ல் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். விமானம் பறந்தது. மலையில் இருந்து நடந்து வருகிறவருக்குக் கையால் எழுதி ஐந்து கிலோ அரிசி அளந்து கொடுக்க முடியாதா?

முடியும். நிச்சயம் முடியும்!

அடுத்த முறை யாராவது "சர்வர் இல்லை" என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். "எப்போதிலிருந்து இல்லை? யாருக்குச் சொல்லியாயிற்று? நோட்டு எங்கே?"

இந்த மூன்றுக்கும் பதில் இருக்கும் ஊரில் சர்வருக்குக் காவல் இருக்கிறது என்று அர்த்தம். பதில் இல்லாத ஊரில், என்ன விலை கொடுத்து வாங்கிய சாப்ட்வேராக இருந்தாலும், அது தூங்கும் காவல்காரன்தான்.